யீவூவில் வாங்கிய கம்மல் ஒரே மாதத்தில் கருத்துப்போனது: ஃபாக்டரியில் ஆய்வு வைத்திருந்தால் தப்பியிருக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஃபேன்ஸி நகை விற்கும் ஒருவர், சீனாவின் யீவூ சந்தையிலிருந்து ஒரு ஏஜென்ட் மூலமாக 24 டிசைன், டிசைனுக்கு 100 ஜோடி என்று 2400 ஜோடி கம்மல் இறக்கியிருக்கிறார். வந்தபோது பளபளவென்று இருந்த சரக்கு, விற்று ஒரு மாதத்துக்குள் கருக்கிறது என்று திரும்பி வருகிறது. அடுத்த தடவை மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தை அனுப்பலாமா, இல்லை "நானே பார்த்து அனுப்புகிறேன்" என்கிற ஏஜென்டை நம்பலாமா, ஆய்வாளரிடம் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், இப்போது கையில் இருக்கும் சரக்குக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஆர்டரில் கைப்பையும் சேர்க்கப் போகிறாராம்.

நேராகவே சொல்கிறேன்: அந்த 2400 ஜோடிக்கு நீங்கள் ஆய்வாளரை அனுப்பியிருந்தாலும் அவர் 'பாஸ்' என்றுதான் ரிப்போர்ட் கொடுத்திருப்பார். கேட்க வருத்தமாக இருக்கும். ஆனால் இது ஏன் என்று புரியாமல் அடுத்த ஆர்டரில் ஆய்வுக்குப் பணம் கட்டினால் அந்தப் பணமும் போய்விடும். ஐரோப்பியக் கடைகளுக்கு ஃபேஷன் நகை, பை, பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் பன்னிரண்டு வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான், அதில் பாதி நாட்கள் யீவூவிலும் குவாங்சோவிலும்தான் கழிந்தன. அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: ஆய்வாளர் தேடுவது நீங்கள் எழுதிக் கொடுத்ததை மட்டும். எழுதாததை அவர் பார்ப்பதில்லை, கண்ணில் பட்டாலும் குறை என்று கணக்கில் சேர்க்க அவருக்கு ஆதாரம் இல்லை.

ஆய்வு நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் வந்து பெட்டிகளை எண்ணுவார், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பிரிப்பார். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேசை, மேலே வெள்ளைத் தாள். ஒவ்வொரு ஜோடியாகக் கவரிலிருந்து எடுத்து இரண்டையும் அருகருகே வைத்து, நிறம் ஒன்றா, கல் எண்ணிக்கை சரியா, இடதும் வலதும் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் கல்லின் ஓரத்தை மெல்ல நெம்புவார். தண்டு கோணலாக ஒட்டியிருக்கிறதா, பின்மூடி இறுக்கமாக நிற்கிறதா, இலை மாதிரி மெல்லிய பாகங்களின் விளிம்பு விரலைக் கீறுகிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒரு ஜோடிக்கு இருபது, முப்பது வினாடி. உங்கள் கம்மல் அன்றைக்குப் பொன் மாதிரி மின்னியிருக்கும். கருப்பது மூன்றாவது வாரம் வியர்வை பட்ட பிறகு நடக்கிற சமாச்சாரம், அந்த மேசை மேல் அது தெரியாது.

அப்படியானால் ஏன் கருத்தது? யீவூ கடைகளில் பொன்னிற முலாமுக்கு இரண்டு சொல் புழங்கும். ஒன்று ஃபாங்ஜின், இன்னொன்று ஜென்ஜின். ஜென்ஜின் என்றால் நிஜத் தங்க முலாம். ஃபாங்ஜின் என்றால் தங்கம் போன்ற நிறம், அவ்வளவுதான். செம்பு, துத்தநாகம், சில சமயம் வெள்ளீயமும் கலந்த பூச்சு அது, அதில் பொட்டுத் தங்கம் கிடையாது. மேலே தெளிவான லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) ஒரு கோட் அடித்திருந்தால் அது தேயும் வரை தாங்கும், தேய்ந்த பிறகு வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு எப்படிக் கருக்குமோ அப்படிக் கருக்கும். கடைக்காரர் இதை மறைப்பதும் இல்லை. நீங்கள் 'கோல்டு கலர்' என்று கேட்டால் கோல்டு கலர் தருகிறார், நீங்கள் அடித்துப் பேசிய விலைக்கு அதுதான் கட்டுப்படியாகும். சிதம்பரம் கவரிங் வாங்கிப் பழகிய நம் வாடிக்கையாளர் முலாம் என்றால் மாதக்கணக்கில் உழைக்கும் என்று நினைத்து வாங்குகிறார், அந்த எதிர்பார்ப்பு யீவூவில் யாருக்கும் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நிஜத் தங்கமாகவே இருந்தாலும் தடிமன் என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. மலிவு ஃபேஷன் நகையில் 0.03, 0.05 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மினுக்கு மட்டும் காட்டி எடுத்துவிடுவார்கள். 'ஃபிளாஷ்' என்பது அதுதான். அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசியின் நகை வழிகாட்டி 'கோல்டு எலக்ட்ரோபிளேட்' என்று சொல்லிக்கொள்ள வைத்திருக்கும் அளவு 0.175 மைக்ரான், ஃபிளாஷைப் போல மூன்று, நான்கு மடங்குக்கும் மேல். தங்கம் மெல்லியதாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அதன் வழியாக வியர்வை உப்பு அடியில் இருக்கும் செம்பைத் தொட்டுவிடும், அங்கிருந்து பச்சையும் கறுப்பும் மேலே வரும். இன்னொன்று, பல நகைப் பட்டறைகள் முலாமைத் தாங்களே போடுவதில்லை. சுற்றுச்சூழல் விதிகள் இறுகியதிலிருந்து முலாம் பூசும் வேலை தனித் தொழில்பேட்டைகளுக்குப் போய்விட்டது. வார்ப்பு ஓரிடம், முலாம் ஓரிடம், கல் பதிப்பதும் அட்டையில் குத்துவதும் பக்கத்து வீடுகளில் பெண்கள் கையால். நீங்கள் 'ஃபாக்டரி ஆய்வு' என்று அனுப்பும் ஆள் நிற்கும் இடத்தில் முலாம் தொட்டியே இருக்காது.

அதனால் உங்கள் பிரச்சினைக்கு மருந்து கடைசி நாள் ஆய்வில் இல்லை, ஆர்டர் போடும் தாளில் இருக்கிறது. என்ன உலோகம், பித்தளையா துத்தநாகக் கலவையா இரும்பா. முலாம் ஃபாங்ஜினா ஜென்ஜினா, ஜென்ஜின் என்றால் எத்தனை மைக்ரான். மேலே லாக்கரா, மின்பூச்சாகப் போடும் இ-கோட்டிங்கா. இந்த மூன்றையும் புரொஃபார்மா இன்வாய்ஸிலேயே (முன்பணத்துக்கு முன் விற்பவர் தரும் விலைத் தாள்) எழுதி வாங்குங்கள். விலை ஏறும், ஏறட்டும். எல்லா டிசைனுக்கும் வேண்டாம், வேகமாக ஓடுகிற ஆறு, ஏழு டிசைனுக்குச் செய்தாலே திரும்பி வரும் சரக்கு பெருமளவு குறைந்துவிடும்.

எழுதியதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. முலாம் தடிமனை, எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் பொருளை உடைக்காமல் அளந்துவிடலாம். நம் ஊரில் ஹால்மார்க் சென்டர்களில் தங்கம் பார்ப்பதும் இதே வகைக் கருவிதான், ஆனால் தடிமன் அளக்கத் தனி அமைப்பு வேண்டும், கேட்டுக்கொண்டு போங்கள். ஆய்வாளர் எடுத்த மாதிரியிலிருந்து டிசைனுக்கு ஒரு ஜோடி அங்குள்ள லேபுக்குப் போகட்டும். இதோடு, மொத்த உற்பத்தி தொடங்கும் முன்பே செயற்கை வியர்வைச் சோதனை செய்யுங்கள். ஐரோப்பிய நிக்கல் சோதனைக்கான இஎன் 1811 தரத்தில் அந்தத் திரவத்துக்குச் செய்முறையே இருக்கிறது: அரை சதவீதம் உப்பு, 0.1 சதவீதம் லாக்டிக் அமிலம், 0.1 சதவீதம் யூரியா, பிஹெச் (அமில, கார அளவு) 6.5-க்குக் கொண்டுவர வேண்டும். அதில் நனைத்த பஞ்சுக்கு நடுவே கம்மலை ஒருநாள் முழுக்க வெதுவெதுப்பான இடத்தில் வைத்து எடுங்கள். மோசமான முலாம் அந்த ஒரே நாளில் தன்னைக் காட்டிவிடும். நான் பார்த்த அளவில் சாம்பிள் கட்டத்தில் இதைச் செய்த வியாபாரிகளுக்குக் கருப்புப் புகார் வருவது அபூர்வம்.

சில சின்னச் சோதனைகளை ஆய்வாளர் அந்த மேசையிலேயே செய்யலாம், நீங்கள் எழுதிக் கொடுத்தால். முலாம் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிய்ப்பது, உரிந்து வந்தால் அடித்தளம் சுத்தம் செய்யாமல் பூசியிருக்கிறார்கள். சங்கிலிக்குக் காந்தம் வைப்பது, ஒட்டினால் உள்ளே இரும்பு, கடலோர ஊர்களில் ரெண்டு மாதத்தில் துரு. தொங்கல்களை ஸ்ப்ரிங் தராசில் மாட்டி இழுப்பது. பேக்கிங்கையும் விட்டுவிடாதீர்கள். ரப்பர் பேண்டிலும் சில மலிவு ஃபோம், அட்டைகளிலும் கந்தகம் இருக்கும், வெள்ளி முலாம் போட்ட பொருளை அதோடு சேர்த்து மூடி வைத்தால் கப்பலிலேயே கருத்துவிடும். ஒரு தடவை வெள்ளி நிற வளையல்களில் ரப்பர் பேண்ட் போட்டிருந்த இடத்தில் மட்டும், கோடு கிழித்த மாதிரி கறுப்பு வளையம் விழுந்து வந்ததை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளத்தக்க தர அளவு பற்றி. எல்லோரும் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மொத்தச் சரக்கையும் பார்க்காமல் ஒரு பகுதியை மட்டும் பார்த்து முடிவு சொல்லும் அட்டவணை அது. அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காக வந்த மில்-ஸ்டாண்டர்ட் 105-இன் வழியில் பிறந்தது, இன்றைக்கு ஐஎஸ்ஓ 2859-1 என்ற பெயரில் உலகம் முழுக்கப் புழங்குகிறது. உங்கள் 2400 ஜோடிக்கு வழக்கமான லெவல் 2-இல் (எத்தனை மாதிரி எடுப்பது என்பதற்கான நிலை) 125 ஜோடி எடுப்பார்கள். மேஜர், அதாவது பெரிய குறைக்கு ஏக்யூஎல் 2.5 என்று வைத்தால் 7 குறை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். மைனர், அதாவது சின்னக் குறைக்கு 4.0 என்றால் 10 வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். ஆபத்தான குறை ஒன்றுகூட வரக்கூடாது.

2.5 என்றால் இரண்டரை சதவீதத்துக்கு மேல் குறை வராது என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கில் உண்மையில் 5 சதவீதம் குறை இருந்தாலும் இந்தக் கணக்கில் பத்துக்கு ஏழு முறை அது பாஸ் ஆகிவிடும். 10 சதவீதம் குறை இருந்தால்தான் அநேகமாகப் பிடிபடும். அட்டவணையே அப்படித்தான் அமைந்திருக்கிறது, ஆய்வாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, சின்ன இறக்குமதியாளர்கள் இதில்தான் விழுகிறார்கள். 125 ஜோடியை 24 டிசைனுக்குப் பிரித்தால் டிசைனுக்கு ஐந்துதான் வரும். ஒரு டிசைன் முழுக்க, 100 ஜோடியும், தண்டு ஆடுகிற சரக்கு என்று வையுங்கள். ஆய்வாளர் கையில் வந்த அந்த ஐந்தும் மேஜர் குறை. மற்ற 23 டிசைனும் சுத்தம். மொத்தக் குறை 5, அனுமதி 7. பாஸ்! நூறு ஜோடியும் குப்பை, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பச்சை எழுத்து. அதனால் டிசைன் அதிகம், எண்ணிக்கை குறைவு என்றால் ஒவ்வொரு டிசைனையும் தனி லாட்டாக (தனிச் சரக்காகக் கணக்கிட்டு) எடுக்கச் சொல்லுங்கள். 100 ஜோடிக்கு 20 பார்ப்பார்கள், மேஜர் 2.5-க்கு 1 வரை பாஸ், 2 வந்தால் அந்த டிசைன் மட்டும் ஃபெயில். 24 டிசைனுக்கு 480 ஜோடி, ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். காசு கொடுக்க முடியாதென்றால், ரிப்போர்ட்டில் குறைகளை டிசைன் வாரியாகக் காட்ட வேண்டும் என்றாவது எழுதிவிடுங்கள். அதற்குத் தனிச் செலவு இல்லை.

எது மேஜர், எது மைனர் என்பதையும் நீங்களே எழுத வேண்டும். விட்டுவிட்டால் ஆய்வு நிறுவனத்தின் பொதுப் பட்டியலை வைத்துப் பார்ப்பார்கள், அது உங்கள் வாடிக்கையாளரின் கண் இல்லை. பிசின் கல்லின் முகத்தில் தெரிந்தால் மேஜர், பின்னால் இருந்தால் மைனர். ஜோடிக்குள் நிற வித்தியாசம் மேஜர், ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் நடுவே லேசான வித்தியாசம் மைனர். கல் உதிர்ந்தது, தண்டு ஆடுவது, முலாம் விடுபட்டது எல்லாம் மேஜர். கூர் முனை ஆபத்து வகை. ஒரு கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியாத கீறலைக் குறையாக எடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பட்டறைக்காரர் சண்டைக்கு வருவார், அதில் நியாயமும் இருக்கிறது. எழுத்தால் சொல்ல முடியாததுக்கு ஒப்புதல் மாதிரி. ஒரே மாதிரி மூன்று செட், கையெழுத்துப் போட்டு சீல் வைத்து, ஒன்று உங்களிடம், ஒன்று பட்டறையில், ஒன்று ஆய்வாளர் கையில். வாட்ஸ்அப் படத்தை வைத்துப் பொன்னிறத்தை ஒப்பிடவே முடியாது.

இனி ஏஜென்ட். யீவூ சந்தையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். பல பகுதிகளாகப் பிரிந்து பல்லாயிரம் கடைகள் கொண்ட அந்தக் கட்டடத் தொகுதியில், நகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர் பட்டறைக்காரராக இருக்கலாம், பட்டறைக்காரரின் மைத்துனராக இருக்கலாம், நான்கு பட்டறையிலிருந்து வாங்கி விற்பவராகவும் இருக்கலாம். 24 டிசைனும் ஏழெட்டுக் கடையிலிருந்து வந்திருக்கும், அதனால் போய்ப் பார்க்க 'ஃபாக்டரி' என்று ஓரிடம் கிடையாது. எல்லாச் சரக்கும் வந்து சேருவது ஏஜென்டின் கிடங்கில்தான், ஆய்வும் அங்கேதான் நடக்க வேண்டும்.

ஏஜென்ட் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவருடைய ஆள் கிடங்கில் பார்ப்பது பெட்டி எண்ணிக்கை, டிசைன் நம்பர், மேலோட்டமாக உடைசல். சரக்கைத் திருப்பி அனுப்பினால் கன்டெய்னர் தள்ளிப்போகும், கடைக்காரரோடு மனக்கசப்பு வரும், உங்களிடம் வாங்கும் கமிஷனோடு கடையிலிருந்தும் ஏதாவது வருமென்றால் அதுவும் கெடும். அவர் நிலையில் யார் இருந்தாலும் 'பரவாயில்லை' என்று சொல்லத்தான் கை போகும். ஆகவே ஏஜென்ட் பார்ப்பது வேண்டும், ஆனால் அது போதாது.

அதே சமயம் பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். மூன்றாம் தரப்பு ஆய்வு ஒரு ஆள்-நாளுக்கு 200-இலிருந்து 320 டாலர் வரை ஆகும். ஜோடி 4 யுவான் என்றால் உங்கள் மொத்தச் சரக்கே 9600 யுவான், ஒரு நாள் ஆய்வுக் கூலி கிட்டத்தட்ட அதில் ஐந்தில் ஒரு பங்கு. இது கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இந்த அளவு ஆர்டருக்கு நான் சொல்வது வேறு: டிசைன்களைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள், சாம்பிளில் வியர்வைச் சோதனையும் ஓடுகிற டிசைன்களுக்கு எக்ஸ்ஆர்எஃபும் செய்யுங்கள், ஏஜென்ட் கிடங்கில் கூலிக்கு ரெண்டு பேர் போட்டு 2400 ஜோடியையும் ஒன்றுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் குறைப் பட்டியலைச் சீன மொழியில் படத்தோடு அச்சிட்டு அவர்கள் முன்னால் ஒட்டச் சொல்லுங்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு நூறு சதவீதச் சோதனைதான் ஏக்யூஎல்லைவிட மேல். சரக்கு மதிப்பு நான்கைந்து லட்சத்தைத் தாண்டும்போது வெளி ஆய்வு நிறுவனத்துக்குப் போங்கள், எஸ்ஜிஎஸ், பீரோ வெரிட்டாஸ், இன்டர்டெக், கீமா என்று பல பேர் அங்கே வேலை செய்கிறார்கள். கூலியை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள், ஏஜென்ட் மூலமாக வேண்டாம்.

ஆய்வு எப்போது என்பதும் காசு சம்பந்தப்பட்டதுதான். வழக்கமாக 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சரக்கு தயாரானதும். மீதிப் பணம் போன பிறகு செய்யும் ஆய்வு வெறும் படம் எடுப்பது. 'ஆய்வில் பாஸ் ஆன பிறகே மீதி, ஃபெயில் ஆனால் மறு ஆய்வுக் கூலி விற்பவர் பொறுப்பு' என்ற இரண்டு வரியை முன்பணம் அனுப்பும் முன்பே இன்வாய்ஸில் ஏற்றிவிடுங்கள். சரக்கு நூறு சதவீதம் முடிந்து, குறைந்தது 80 சதவீதமாவது பெட்டியில் கட்டிய பிறகுதான் ஆள் போக வேண்டும். "முக்கால்வாசி ரெடி, வந்து பாருங்கள், மீதி அதே மாதிரிதான்" என்றால் போகவே கூடாது, மீதி அதே மாதிரி இருப்பதில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்தின மூன்று வாரம் இன்னும் கவனம். தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், பசை காய்வதற்குள் பெட்டி கட்டுவார்கள்.

அந்த நாளில் நடக்கும் சில விஷயங்களும் தெரிந்திருக்கட்டும். முன்வரிசையில் கைக்கு எட்டும்படி அடுக்கியிருக்கும் பெட்டிகள் நல்ல பெட்டிகளாக இருக்கும். எந்தப் பெட்டி என்று ஆய்வாளர்தான் நம்பர் சொல்லி எடுக்க வேண்டும், அடியிலும் பின்னாலும் இருப்பதையும் சேர்த்து. மொத்தப் பெட்டிகளின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை பெட்டியாவது பிரிப்பது பழக்கம், 100 பெட்டி என்றால் 10. பார்த்து முடித்த பெட்டிகளில் ஆய்வாளர் கையெழுத்திட்ட ஸ்டிக்கர், அதன் படம் ரிப்போர்ட்டில். சிவப்பு உறையில் பணம் நீட்டுவது உண்டு, ஹோங்பாவ் என்பார்கள். நல்ல நிறுவனங்கள் அதை வாங்கினால் ஆளை வேலையை விட்டே எடுத்துவிடும். இருந்தாலும் முழு அடுக்கின் படம், பிரித்த பெட்டிகளின் நம்பர், ஒவ்வொரு குறையின் நெருக்கமான படம் எல்லாம் கட்டாயம் என்று கேட்டு வாங்குங்கள்.

கைப்பைக்கு வருகிறேன். குவாங்சோ நகரின் ஹுவாடு மாவட்டத்தில் ஷிலிங் என்ற ஊரே பைக்காக இருக்கும் ஊர். அங்கே ஒரு பட்டறையில், பெண்கள் ஆபீஸுக்குப் போடுகிற ஒரு டோட் பையில் 8 கிலோ மணல் மூட்டையை வைத்து, கைப்பிடியில் ஒரு கம்பியில் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பை கீழே விழவில்லை, ஆனால் கைப்பிடி தைத்த இடத்தில் ஊசித் துளைகள் ஒவ்வொன்றும் நீண்டு கண்ணீர்த்துளி மாதிரி ஆகியிருந்தன. உள்துணியைப் பிரித்துப் பார்த்தோம். கைப்பிடிக்கு உள்ளே பலத்துக்கு வைக்க வேண்டிய பட்டையே இல்லை, வெறும் பியூ செயற்கைத் தோலின் மேல் தைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தையல் அவ்வளவு அழகு. டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் குடையும் வைக்கிற நம் பெண்களுக்கு அந்தப் பை ரெண்டு வாரம் தாங்கியிருக்காது. பைக்கு நீங்கள் எழுத வேண்டியதில் முதல் வரி இந்தத் தொங்கல் சோதனைதான், கூடவே ஒரு பையை அறுத்து உள்ளே பார்க்க அனுமதி. ஒரு பை போனால் போகட்டும்.

ஜிப்பை ஐம்பது தடவை ஓட்டிப் பார்ப்பது, வெள்ளைத் துணியை உலர்ந்தும் ஈரமாகவும் வைத்துப் பத்துத் தடவை தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பது, மூடிய பையைத் திறந்தவுடன் முகர்ந்து பார்ப்பது, இவை எல்லாம் சில நிமிட வேலை. பூஞ்சை வாடை அடித்தால் அந்தப் பெட்டி நகரக்கூடாது, மூன்று வாரம் கன்டெய்னர் சூட்டில் பூஞ்சை மொத்தமும் பரவிவிடும். ஈரத்துக்கு சிலிகா ஜெல் போடச் சொல்லுங்கள், டைமெத்தில் ஃபியூமரேட் பொட்டலம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். பூஞ்சை வராமலிருக்க அந்த ரசாயனத்தைப் பொட்டலமாக வைத்த சோபாக்களிலும் காலணிகளிலும் இருந்து ஐரோப்பாவில் நிறையப் பேருக்குத் தோல் புண்ணாகி, 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தடை என்று கொண்டுவந்தது.

உடம்பில் படுகிற பொருள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2006-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று, காலணி வாங்கினால் இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் தொங்கலை விழுங்கி ஈய நஞ்சால் இறந்துபோனது. அந்தத் தொங்கல் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். அதன் பிறகு அங்கே குழந்தைகள் பொருளில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது, இப்போது பத்து லட்சத்தில் 100 பங்கு. ஈயத்தை விட்ட சில பட்டறைகள் காட்மியத்தைக் கலந்ததும் 2010-இல் வெளியே வந்தது. இரண்டும் வார்ப்பதற்குச் சுலபம், விலை மலிவு, கனமாக இருப்பதால் கையில் நல்ல பொருள் போலத் தோன்றும். இந்தக் கேட்டுக்குக் காரணம் இவ்வளவுதான். ஐரோப்பாவில் நகைக்கு ஈயம் எடையில் 0.05 சதவீதம், காட்மியம் 0.01 சதவீதம் என்று வரம்பு. நீங்கள் கோவையில் விற்றாலும் இந்த எண்களையே ஆர்டரில் எழுதுங்கள், முலாம் அளக்கப் போகும் அதே எக்ஸ்ஆர்எஃப் கருவி இதையும் சொல்லிவிடும். குழந்தைகளுக்கான டிசைன் இருந்தால் இந்தச் சோதனை இல்லாமல் இறக்கவே இறக்காதீர்கள்.

நிக்கலும் அப்படித்தான். காது குத்திய இடத்தில் அரிப்பும் நீர் வடிவதும் பல சமயம் நிக்கல் ஒவ்வாமை. துளைக்குள் போகும் தண்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது ஐரோப்பிய விதி, தோலில் படும் மற்ற பாகங்களுக்கு 0.5. டைமெத்தில்கிளையாக்ஸைம் கரைசலில் நனைத்த பஞ்சுக் குச்சியை முப்பது வினாடி தேய்த்தால் நிக்கல் இருக்கும் இடத்தில் பஞ்சு ரோஜா நிறமாகும். 'நிக்கல் ஃப்ரீ' என்று அட்டையில் அச்சடித்த கம்மலில் பஞ்சு ரோஜா நிறமாவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. ஆய்வாளரிடம் இந்தக் கரைசல் இருக்கும், எழுதினால் செய்வார்.

நம் பக்கத்து விஷயம் இரண்டே இரண்டு. 2022 பட்ஜெட்டில் இமிடேஷன் நகைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 400 ரூபாய் தீர்வை விழும்படி வைத்தார்கள், இப்போதைய விகிதத்தை உங்கள் சுங்க ஏஜென்டிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். உடைந்த கம்மலுக்கும் எடைக்கு எடை தீர்வை கட்டுகிறீர்கள் என்பதால் கழிக்க வேண்டியதை அங்கேயே கழிப்பதுதான் லாபம். அப்புறம் லேபிள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எண்ணிக்கை, எம்ஆர்பி போன்றவை எல்லாம் சில்லறைப் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. அங்கேயே ஒட்டி வருவதானால் எழுத்துப் பிழை உட்பட ஆய்வாளர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாஸ், ஃபெயில் என்பது ஆய்வாளரின் கணக்கு, ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எண்ணிக்கையில் பாஸ் ஆகி, எல்லாக் குறையும் ஒரே டிசைனில் இருந்தால் அந்த டிசைனை நிறுத்துங்கள். எண்ணிக்கையில் ஃபெயில் ஆகி, குறை எல்லாம் அட்டை மடிந்தது மாதிரி சில்லறை விஷயமென்றால், சரக்கு அவசரமாக வேண்டுமென்றால் ஏற்றுக்கொள்ளலாம். சரிசெய்து தருகிறேன் என்றால் எத்தனை பெட்டி, எந்த டிசைன், எந்தத் தேதி என்று எழுதி வாங்கி, மறு ஆய்வுக்குப் பிறகே மீதிப் பணம்.

கையில் இருக்கும் சரக்கு. பணம் முழுக்கப் போய்விட்டது, முலாம் பற்றி இன்வாய்ஸில் ஒரு வார்த்தையும் இருந்திருக்காது, அதனால் பணமாகத் திரும்பி வருவது கஷ்டம். அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளக் கேட்டால் சில கடைகள் ஓரளவுக்கு ஒத்துவருவார்கள், அதற்கு ஆதாரம் வேண்டும். திரும்பி வந்ததில் ரெண்டு ஜோடி, கவர் பிரிக்காத ரெண்டு ஜோடி, டிசைன் நம்பர் எழுதி எக்ஸ்ஆர்எஃபுக்குக் கொடுங்கள். தங்கம் சுழியம் என்று வந்தால் அது ஃபாங்ஜின். உங்கள் பேச்சுவார்த்தைச் செய்திகளில் எங்காவது ஜென்ஜின் என்றோ 'கருக்காது' என்ற பொருளில் பாவோஸெ என்றோ கடைக்காரர் சொல்லியிருக்கிறாரா என்று ஏஜென்டை வைத்துச் சீன மொழிச் செய்திகளைத் தேடிப் பாருங்கள், அந்த ஒரு சொல் கிடைத்தால் பேச இடம் உண்டு. மிச்சமிருப்பதை இப்போதைக்கு விற்பதை நிறுத்தி வையுங்கள், ரிசல்ட் வந்த பிறகு எந்த டிசைனை விலை குறைத்து 'வியர்வை, தண்ணீர் படாமல் வைக்கவும்' என்று எழுதி விற்கலாம், எதை விற்கவே கூடாது என்று பிரிக்கலாம். குழந்தைகள் டிசைன் ஏதாவது அந்த 24-இல் இருந்தால் அதைத்தான் முதலில் லேபுக்கு அனுப்புங்கள்.